படித்துக் காட்டப்பட்டது

3 ஜூன், செவ்வாய்

தண்ணீர் கேனின் அடியில் பச்சையாகப் பாசி. மனதைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று வாசலில் போர்டு மாட்டியிருப்பவர், தன் வரவேற்பறையில் இருக்கும் கேனை ஒரு தடவையாவது குனிந்து பார்த்திருக்க வேண்டாமா? பக்கத்தில் சங்கிலி போட்டுக் கட்டிய ஒரு டம்ளர். வருகிறவர்கள் எல்லாரும் அந்த ஒரே டம்ளரில் வாய் வைத்துக் குடித்துவிட்டுக் கவிழ்த்து வைக்கிறார்கள்.

கழிவறையையும் பார்த்துவிட்டேன். எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் அதைப் பார்ப்பது என் இருபத்திரண்டு வருடப் பழக்கம். நான் உணவுப் பாதுகாப்பு அலுவலர், சும்மா பார்க்கவில்லை. அங்கே சோப்பு இல்லை. கதவுக் கொண்டியில் கை வைக்கவே கூசியது.

ஆலோசகர் டை கட்டியிருந்தார். நான் எதற்கு வந்தேன் என்று பாதி சொல்வதற்குள், "லெட்டர்தானுங்க சார் வேணும்? ஆபீஸ் பேரச் சொல்லுங்க, இப்பவே அடிச்சுக் குடுத்தர்றேன்" என்றார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அடுப்படியை எட்டிப் பார்க்காமலே ஒரு ஹோட்டலுக்குச் சான்று எழுதுகிற ஆட்களை எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒருவரிடம் என் பெயருக்கு ஒரு காகிதம் வாங்குவேனா? எழுந்து வந்துவிட்டேன்.

இந்த அலைச்சலுக்குக் காரணம் ஒரு சாம்பார் அண்டா. போன மாதம் ஒரு மெஸ்ஸில் சோதனை. சாம்பாரில் கரப்பான் மிதந்தது. கீழே கொட்டச் சொன்னேன். முதலாளி இளித்துக்கொண்டே நின்றான். நான் அண்டாவைக் காலால் தள்ளினேன். அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் பாதத்தில் கொஞ்சம் சிந்திவிட்டது. யாரோ அதைச் செல்போனில் எடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். வீடியோவில் கரப்பான் தெரியவில்லை. என் கால் தெளிவாகத் தெரிகிறது.

மேலதிகாரி வசந்தகுமாரி அம்மா கூப்பிட்டு, கோபத்துக்கு யாராவது நல்ல ஆளாகப் பார்த்து, சிகிச்சைக்குப் போகிறேன் என்று ஒரு கடிதம் வாங்கி வரச் சொல்லிவிட்டார். அதுவரை கடைகளுக்குப் போகக் கூடாதாம். நாற்காலியில் உட்கார்ந்து பழைய கோப்புகளுக்கு எண் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

5 ஜூன், வியாழன்

மிக்ஸி ரிப்பேர். கேஸ் புக் செய்தேன். ஆபீசில் எண் போடும் வேலை. கோப்புகளில் எலிப் புழுக்கை.

மனைவி சாந்தாமணி சாப்பாட்டு அறையில் இன்னொரு காலண்டர் மாட்டியிருக்கிறாள். ஒரே வருடத்துக்கு மூன்று காலண்டர் எதற்கு என்று கேட்டேன். சும்மா குடுத்தாங்க என்றாள். சும்மா கொடுத்தால் எதையும் சுவரில் ஏற்றிவிடுகிறாள். வீட்டில் பொருள் வாங்கும் ரசனையே போய்விட்டது. தட்டு, டம்ளர், கிண்ணம் எல்லாமே எவர்சில்வர். கண்ணாடி, பீங்கான் நம் வீட்டுக்கு ராசி இல்லை என்று அவள் சொல்வாள். அதுவும் உண்மைதான், நிற்பதில்லை.

8 ஜூன், ஞாயிறு

மகள் தனுஸ்ரீயைப் பார்க்கப் போனேன். ஏப்ரலில் இருந்து அவள் சாந்தாமணியின் அக்கா சரோஜா வீட்டில் இருக்கிறாள். இந்த வருடம் ப்ளஸ் டூ. டியூஷன் அந்தப் பக்கம் என்பதால் அங்கே விட்டிருக்கிறோம். கேட்கிறவர்களுக்கு அப்படித்தான் சொல்கிறேன்.

மார்ச்சில் டாக்டரிடம் காட்டியபோது முப்பத்தாறு கிலோ இருந்தாள். பதினேழு வயதுப் பெண்ணுக்கு முப்பத்தாறு. அந்த டாக்டர் என்னை விட்டுவிட்டுச் சாந்தாமணியைப் பார்த்து, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். அவருக்கு இடது சுண்டுவிரலில் நீள நகம். அந்த நகத்தை வைத்துக்கொண்டு என் வீட்டைப் பற்றிக் கேட்கிறார்.

இன்று கொஞ்சம் தெளிச்சியாக இருந்தாள். சரோஜா அக்கா, "இங்க நல்லாச் சாப்பிடறாளுங்க" என்றார். அந்த 'இங்க' எனக்குப் பிடிக்கவில்லை. ஆப்பிள் வாங்கிப் போயிருந்தேன். மெழுகு பூசாததா என்று சுரண்டிப் பார்த்து வாங்கியது. நறுக்கித் தட்டில் வைத்தார்கள். நான் இருந்த முக்கால் மணி நேரமும் தனுஸ்ரீ ஒரு துண்டைக்கூட எடுக்கவில்லை. அது பழுப்பாகிக் கறுத்துப்போனதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்ததும் எப்போது கூட்டி வரலாம் என்று சாந்தாமணியிடம் கேட்டேன். அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்த்தபடி சொன்னாள்: "நீங்க யாரையாச்சும் ஒரு டாக்டரப் பாருங்க. அப்பறம் வர்றேன்னு பாப்பா சொல்லுதுங்க."

ஆக, மேலதிகாரிக்கும் அந்தக் கடிதம் வேண்டும், பெற்ற பிள்ளைக்கும் அதே வேண்டும். இருக்கட்டும். என் மகள் இந்த வீட்டில், என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

14 ஜூன், சனி

கோபம் போக்கும் முகாம். சரோஜா அக்காவின் வீட்டுக்காரர் சிபாரிசு. கல்யாண மண்டபத்தில் எண்பது பேரைத் தரையில் உட்கார வைத்து ஆளுக்கொரு தலையணை கொடுத்தார்கள். அதில் முகத்தைப் புதைத்துக் கத்த வேண்டுமாம். எனக்கு வந்த தலையணை ஈரமாக இருந்தது. எனக்கு முன்னால் யாரோ கத்தியிருக்கிறார்கள். எச்சில்.

பக்கத்தில் இருந்தவர் ஆறு தடவை வந்திருக்கிறாராம். கோபம் குறைந்ததா என்று கேட்டேன். இங்கே வந்து கத்துவது வீட்டில் கத்துவதற்குப் பயிற்சியாக இருக்கிறது என்றார். சிரிக்கவில்லை, நிஜமாகவே சொன்னார். மதியச் சாப்பாட்டில் வெண்டைக்காய் கொழகொழவென்று இருந்தது. பாதியில் கிளம்பிவிட்டேன்.

19 ஜூன், வியாழன்

ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்க்க டோக்கன் போட்டு உட்கார்ந்திருந்தேன். எதிர் பெஞ்சில் ஒரு பேக்கரிக்காரர், மனைவியோடு. போன வருடம் அவர் கடையில் எலி கடித்த பன்னைக் கண்டுபிடித்து, வாடிக்கையாளர்கள் முன்னால் அதை அவர் கையில் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் சுவரில் இருந்த போஸ்டரைப் படிக்க ஆரம்பித்தோம். தூக்கமின்மையைப் பற்றி. நான் மூன்று தடவை படித்துவிட்டேன்.

அவர் மனைவி அவரிடம் மெதுவாக, "இவரா?" என்று கேட்டது காதில் விழுந்தது. அவர் தலையாட்டினார். டோக்கனைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

24 ஜூன், செவ்வாய்

இன்னும் ஆள் கிடைக்கவில்லை. புதினா வாங்கினேன். கழுவக் கழுவ மண்.

28 ஜூன், சனி

ஈரோட்டில் மனநல டாக்டர் ஒருவர் கிடைத்திருக்கிறார். பெயர் ஃபர்ஹானா. முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், என் சர்வீசை விடப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் கூட. வீட்டின் முன்னறையையே கிளினிக்காக வைத்திருக்கிறார். கழிவறையைப் பார்த்தேன். சோப்பு இருந்தது, துண்டு சுத்தம். ஜன்னல் கட்டையில் மட்டும் பல்லி எச்சம். உட்காருவதற்கு முன்பே அதைச் சொன்னேன்.

"ஆமா சார், இன்னைக்குத் தொடைக்கல" என்றார். மன்னிப்பும் கேட்கவில்லை, முகமும் சுருங்கவில்லை. எழுந்து போய்த் துடைக்கவும் இல்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. குறை சொன்னால் ஒன்று பதற வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள்.

கடிதம் பற்றிக் கேட்டேன். நாலு தடவை வந்தால், நாலு தடவை வந்தார் என்று எழுதித் தருவேன், சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன் என்றார். அந்த ஒரு பதிலுக்காகத்தான் அங்கேயே உட்கார்ந்தேன்.

வீட்டில் உங்களோடு யார் உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று கேட்டார். இது என்ன கேள்வி? சாந்தாமணி பரிமாறுவாள், பிறகு அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுவாள். மகள் வெளியூரில் படிக்கிறாள். "வெளியூர்னா?" என்றார். ஆறு கிலோமீட்டர் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது.

5 ஜூலை, சனி

இன்று முக்கால்வாசி நேரம் நான்தான் பேசினேன். சோதனைக்குப் போனால் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டார். சந்தோஷமாகச் சொன்னேன். இந்த வேலையைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

மகஜர் எழுதுவோம். இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன இடத்தில், இன்னதைக் கண்டோம் என்று இருக்கும். என்ன நடந்ததோ அதுதான் வர வேண்டும், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கூட இருந்த சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியாக அதைக் கடைக்காரருக்குப் படித்துக் காட்டி, 'படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டேன்' என்று எழுதி அவருடைய கையெழுத்தும் வாங்க வேண்டும். அப்போதுதான் அது செல்லும்.

அவர் நோட்டில் குறித்துக்கொண்டே கேட்டார். பிறகு, "இதே மாதிரி வீட்டுல எழுதுங்க சார். கோவம் வர்றப்ப எல்லாம் ஒரு மகஜர். கூட இருக்கறவங்ககிட்ட சாட்சிக் கையெழுத்தும் வாங்கிருங்க" என்றார். இந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் விஷயம் தெரிகிறது. வரும் வழியில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன்.

9 ஜூலை, புதன்

முதல் மகஜர். பீன்ஸ் பொரியலில் தலைமுடி. அப்போதே எழுந்து கை கழுவிவிட்டு எழுதினேன்:

'இரவு 7.50. இடம்: எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறை. பொரியலில் கறுப்பு முடி ஒன்று காணப்பட்டது. நீளம் சுமார் ஐந்து அங்குலம். சமைத்தவர் தலையைத் துணியால் மூடாமல் சமைத்தது விசாரணையில் தெரியவந்தது. ஏற்கெனவே பலமுறை எச்சரிக்கப்பட்டும் திருத்திக்கொள்ளவில்லை. பொரியல் அழிக்கப்பட்டது.'

சாந்தாமணியைக் கூப்பிட்டு, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எங்கீங்க போடோணும்?" அவள் கேட்டது அது ஒன்றுதான். காட்டிய இடத்தில் போட்டாள். கையெழுத்து கோணலாக இருந்தது. அவளுக்கு மணிக்கட்டு சரியாக மடங்காது, தை மாதம் ரசம் பட்டுச் சுட்டது.

எதையும் வீசவில்லை. சத்தம் போடவில்லை. நாமே எழுதினால் அடங்கத்தான் செய்கிறது.

12 ஜூலை, சனி

ஃபர்ஹானா நோட்டை வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார். நான் பாராட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன் என்று எழுதவே அசிங்கமாக இருக்கிறது.

"இதுல நீங்க எங்க சார் இருக்கீங்க?"

நான்தானே எழுதியது என்றேன். எழுதினது தெரிகிறது, கோபப்பட்டது யார் என்று கேட்டார். நான் கோபத்தைத்தான் எழுதச் சொன்னேன், நீங்கள் உங்கள் மனைவிமேல் கேஸ் எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்றார். குரலை உயர்த்தவில்லை. அடுத்துக் கேட்டார், அவர்கள் இதைப் படித்தார்களா என்று.

படிக்கச் சொன்னேன் என்றேன்.

"படிச்சாங்களா?"

பஸ்ஸில் திரும்பும்போது எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒழுங்காகப் படித்தவர் ஒரே ஒருவர், கேன்டீன் நடத்திய ஓய்வுபெற்ற வாத்தியார். நேரத்தை வீணாக்குகிறாயா என்று அவரிடமும் கத்தியிருக்கிறேன். மற்றவர்கள் எல்லாரும், எங்கீங்க போடோணும் என்றுதான் கேட்டார்கள். நான் சீக்கிரம் வெளியே போனால் போதும் என்று போட்டிருக்கிறார்கள். என் வீட்டில் இருப்பவளால் அப்படி என்னைப் போக வைக்கவும் முடியாது.

அந்தப் பெண்ணிடம் இனிப் போகக் கூடாது என்று நினைத்தேன். ஜன்னல் கட்டையைத் துடைக்காதவள்.

16 ஜூலை, புதன்

மோர் புளித்திருந்தது. டம்ளரை எறிந்துவிட்டேன்.

'டம்ளர் விழுந்தது' என்று எழுதிப் பிறகு அடித்திருக்கிறேன். சுவரில் மோர் வழிந்தது. சாந்தாமணி துணியோடு ஓடி வந்தாள். நான் துடைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். அவள் பயந்துபோய், "வேண்டாமுங்க, நான் பண்ணறனுங்க" என்று சுவருக்குக் குறுக்கே நின்றாள். விலகச் சொல்லிவிட்டு, தெறித்த காலண்டரைக் கழற்றினேன்.

அதன் பின்னால் சுவரெல்லாம் கறை. மற்ற இரண்டையும் கழற்றினேன். மஞ்சளாகக் குழம்பு, பழுப்பாகக் காபி, எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன ஏதோ ஒன்று. ஒரு இடத்தில் சுண்ணாம்பே பெயர்ந்திருக்கிறது. எத்தனை வருடக் கறை. வெள்ளையடித்து, மேலே மறுபடி பட்டு, மறுபடி அடித்திருக்கிறார்கள். ஒரு ஹோட்டலில் இப்படி ஒரு சுவரைக் கண்டால் அன்றைக்கே பூட்டுப் போட்டிருப்பேன். இந்த அறையில்தான் தினமும் உட்கார்ந்து, சாப்பாட்டில் என்ன குற்றம் என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சாந்தாமணி அழுதாள். கறைக்காக அல்ல, ஒளித்து வைத்ததை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று பயந்து அழுதாள். அழுக்குத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

19 ஜூலை, சனி

போனேன். போகக் கூடாது என்று நினைத்ததையும் சொன்னேன். ஃபர்ஹானா சுவரைப் பற்றிக் கேட்டுக்கொண்டார். நாலாவது தடவை முடிந்தது என்று சொல்லிக் கடிதத்தை எழுதிக் கொடுத்தார். அதில் சொன்னபடி ஒரே வரிதான்.

ஒரு மகஜராவது ஒழுங்காக எழுதுங்கள், உண்மை தெரிந்த சாட்சியிடம் கொடுங்கள் என்றார். அவர்கள் கையெழுத்துப் போட மறுத்தால் என்ன செய்வது என்று கேட்டேன். மறுத்தார் என்று எழுதுவீர்கள்தானே, அதையே எழுதுங்கள் என்றார்.

20 ஜூலை, ஞாயிறு

காலையில் உட்கார்ந்து எழுதினேன். இடம் என்பதற்கு எதிரில் என் வீட்டை எழுதினேன், ஆய்வு செய்யப்பட்டவர் என்பதற்கு எதிரில் என் பெயரை. மோரை எழுதினேன். பிறகு சுவரைப் பார்த்துப் பார்த்து, நினைவில் இருந்த வேறு மூன்றையும் எழுதினேன். ஒரு பக்கம் வந்தது. எழுதி முடித்ததும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சரோஜா அக்கா வீட்டுக்கு எடுத்துப் போய்த் தனுஸ்ரீயிடம் கொடுத்தேன். டாக்டரைப் பார்த்துவிட்டேன், லெட்டரும் வாங்கிவிட்டேன், இதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றேன். அவள் படித்தாள். வரிவரியாக, விரலை வைத்துப் படித்தாள்.

"நாலுதான் இருக்குங்கப்பா" என்றாள்.

நினைவில் இருப்பது அவ்வளவுதான் என்றேன். நோட்டை இங்கே வைத்துவிட்டுப் போங்கள், நானே கொண்டு வருகிறேன் என்றாள். எப்போது என்று கேட்டேன். எழுதி முடித்ததும் என்றாள்.

29 ஜூலை, செவ்வாய்

வசந்தகுமாரி அம்மா கடிதத்தைப் படித்துவிட்டு, இதில் குணமாகிவிட்டது என்று இல்லையே என்றார். இல்லைதான் என்றேன். கடிதத்தைக் கோப்பில் வைத்துவிட்டு, நாளையிலிருந்து கடைகளுக்குப் போகச் சொன்னார்.

இன்றே அந்த மெஸ்ஸுக்குப் போனேன், சோதனைக்கு அல்ல. பாத்திரம் கழுவும் அம்மா பின்பக்கம் குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, புடவையை இழுத்துக் காலை மறைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் முந்திக்கொண்டு, "எல்லாம் சுத்தமா இருக்குதுங்க சார்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டது அவர் காதில் ஏறியதா என்றுகூடத் தெரியவில்லை. சரிங்க, சரிங்க என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். வெளியே வந்து சாக்கடை ஓரத்தில் வாந்தி எடுத்தேன். மெஸ் சுத்தமாகத்தான் இருந்தது.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. பவானியில் கூடுதுறைப் பக்கம் காலையில் இருந்து கடை கடையாக ஏறி இறங்கினேன். சாயம் போட்ட பஜ்ஜி, ஈ மொய்த்த பலாச்சுளை. இரண்டு இடத்தில் குரல் உயர்ந்தது. ஒரு இடத்தில் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன். தனுஸ்ரீ வரவில்லை.

10 ஆகஸ்ட், ஞாயிறு

பதினொரு மணிக்கு வந்தாள். தோள் பையை இறக்கி வைக்கவில்லை. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு அறையில் அந்தச் சுவருக்கு எதிரில் நின்றாள். சாந்தாமணி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள்.

"நீங்க உக்காருங்கப்பா. நான் படிச்சுக் காட்டறன்."

நான் உட்காரவில்லை. என் முன்னால் கடைக்காரர்கள் யாரும் உட்கார்ந்ததில்லை.

என் ஒரு பக்கத்துக்குப் பிறகு பதினேழு பக்கம் எழுதியிருந்தாள். அத்தனையும் மகஜர். தேதி தெரியாத இடத்தில் எத்தனையாவது வகுப்பு என்று போட்டிருந்தாள். அழுகை வந்தது, ஆனால் நிறுத்தவில்லை.

நாலாம் வகுப்பு. பிறந்த நாள். கேக் டப்பாவில் தேதி ஒரு நாள் தாண்டியிருந்தது. அப்பா கேக்கைத் தெருச் சாக்கடையில் போட்டார். கூடப் படிக்கிற ஏழு பேர் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து தினமும். அப்பா என் டிபன் பாக்ஸைத் திறந்து மோந்து பார்ப்பார். மிச்சம் இருந்தால் அம்மாவைத் திட்டுவார். அதனால் வரும் வழியில் கொட்டினேன். பிறகு கொண்டு போவதையே நிறுத்தினேன்.

ஒன்பதாம் வகுப்பு. சாதத்தில் முடி. முடி கிடந்த சாதத்தை அப்பா அம்மாவைச் சாப்பிட வைத்தார். அம்மா முழுவதையும் சாப்பிட்டாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கக் கூடாது என்றார்.

இந்தத் தை மாதம். ரசம் தானாகப் படவில்லை. அப்பா கிண்ணத்தோடு வீசினார்.

இப்படிப் பதினேழு பக்கம். ஒவ்வொன்றின் கீழும் 'சாட்சி' என்று எழுதி அவள் பெயரைப் போட்டிருந்தாள். கேக்கைப் படித்தபோது, தேதி நிஜமாகவே தாண்டியிருந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. அதையும் எழுதிவிட வேண்டும். எட்டு வருடம் கழித்து, முப்பத்தாறு கிலோவுக்கு இளைத்துப்போன பிள்ளை எதிரில் நின்று அழுதுகொண்டே படிக்கும்போதும், நான் சொன்னது சரிதான் என்று நிரூபிக்கத்தான் என் வாய் திறந்தது. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. இத்தனை வருடம் எத்தனையோ அடுப்படிகளில் இப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு நோட்டைத் தாழ்த்திக்கொண்டாள். "இது எழுதலைங்கப்பா, சொல்றேன். உங்க வண்டிச் சத்தம் கேட்டாலே எனக்கு வாந்தி வரும். அதனாலதான் நான் சாப்பிடறதில்ல. வேணும்னு இல்லீங்க."

கையை நீட்டி நோட்டைக் கேட்டேன். கையெழுத்துப் போடுகிறேன், எல்லாம் சரியாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன் என்றேன்.

அவள் நோட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். "வேண்டாங்கப்பா. நீங்க போட்டா, அதோட முடிஞ்சுதுன்னு நெனைச்சுக்குவீங்க."

நான் மன்னித்துவிடு என்று சொன்னேனா என்று இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. சொன்ன மாதிரி இருக்கிறது. சாந்தாமணிதான் முதலில் அசைந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தோசை ஊத்தட்டுமா கண்ணு என்று கேட்டாள். தனுஸ்ரீ தலையாட்டினாள். ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வண்டியை எடுக்கவில்லை. கேட்டைத் தாண்டி, நாலு வீடு தள்ளி டிரான்ஸ்பார்மர் ஓரமாக வெயிலில் போய் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஈஸ்வரமூர்த்தி, இங்க நிக்கறீங்க என்று கேட்டார். மகள் சாப்பிடுகிறாள் என்றேன். அவருக்குப் புரியவில்லை, சிரித்துவிட்டுப் போனார்.

அரை மணி நேரம் இருக்கும். சாந்தாமணி கேட்டுக்கு வந்தாள். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்து, என்னைக் கண்டதும் மணிக்கட்டு மடங்காத அந்தக் கையைத் தூக்கி நாலு விரலைக் காட்டினாள். நாலு தோசை. பிறகு உள்ளே வரச் சொல்லிக் கை அசைத்தாள். இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே நிற்கிறேன் என்று நானும் கை காட்டினேன்.